நீர்யானைக்குக் கீழே இரண்டு வரி

வடக்கே, நாங்கள் இருந்த கட்கியில், சர்ச் ஹாலில் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு எடுத்தவர் என் அண்ணி. திருநெல்வேலியில் ஏதோ பள்ளிக்கூடத்தில் பழசென்று கழித்துப்போட்ட படங்களைக் கல்யாணச் சாமான்களோடு சுருட்டி எடுத்துவந்திருந்தார். துணி ஒட்டிய பெரிய படங்கள். துடைப்பம் அளவு பிரஷ்ஷால் பல் துலக்கும் நீர்யானை. மஃப்ளர் சுற்றிக்கொண்டு இருமல் மருந்து குடிக்கும் ஒட்டகச்சிவிங்கி. பஸ் வரிசையில் நடுவே புகுந்து மாட்டிக்கொண்ட நரி. ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரிப் பாட்டு.

அண்ணி உண்டாகியிருந்தார். டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார்.

"தம்பி, நீங்கதான் நல்லா வாயடிப்பீங்களே. கொஞ்ச நாள் கிளாஸைப் பாத்துக்கிடுங்க. படத்தைக் காட்டி, கீழ உள்ளத வாசிச்சு, பிள்ளைங்கள சொல்ல வச்சாப் போதும்."

இன்று எழுதுகிறேன்; அன்று எனக்குத் தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. பக்கத்துப் போபோடியில் படித்தது இந்தி மீடியம், அதுவும் ஒன்பதாவதோடு நின்றாயிற்று. ஆனால் தமிழில் நக்கலடிக்க என்னை விட்டால் ஆளில்லை. இவ்வளவு பேசுகிறவனுக்கு வாசிக்கத் தெரியாது என்று வீட்டில்கூட யாருக்கும் தோன்றியதில்லை. "சரி அண்ணி" என்றேன்.

நீர்யானைக்குக் கீழே விரலை ஓட்டி, கூசாமல் வாசித்தேன்:

"சிஞ்ச்வட் சித்தப்பா வாயத் திறந்தா, லோக்கல் ட்ரெயினே உள்ள போகும்."

பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். ஒட்டகச்சிவிங்கிக்கு, "மேல ஊத்துன மருந்து, கீழ வர ரெண்டு நாளு." இந்தியில் மட்டும் பேசிக்கொண்டிருந்த வாண்டுகள் எல்லாம் இதை மனப்பாடமாக ஒப்பித்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பெற்றோரை வரவழைத்துக் காட்டும் ஞாயிறு வந்தது. அண்ணியும் மெல்ல நடந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். பிள்ளைகள் நீர்யானையைப் பார்த்துச் சித்தப்பாவை முழங்கினார்கள். சிரிப்பு. ஓர் அம்மா மட்டும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படத்தின் அருகே வந்தார்.

"காலையும் மாலையும் பல் துலக்கு, கடைவாய்ப் பல்லையும் சேர்த்துத் துலக்கு," என்று வாசித்தார். "இப்படில்ல போட்டிருக்கு?"

அவர் மகளே எழுந்து நின்றாள். "மம்மி, நீ தப்பா படிக்கிற. அண்ணா படிச்சதுதான் கரெக்ட்."

"ஆமா ஆன்ட்டி, உங்களுக்குத் தெரியல," என்றான் இன்னொருவன்.

பிள்ளைகள் எனக்காகச் சண்டை போடப் போட, காது மடல் எரிந்தது. அண்ணி சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார். ஆட்டோவில் போகும்போது மெதுவாகக் கேட்டார்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?"



அடுத்த ஞாயிறு போகவே கூடாது என்றிருந்தேன். ஆனால் அந்தப் பெண் தன் அம்மா வாசித்தது தப்பென்றே நம்பிக்கொண்டிருப்பாள். போனேன்.

"போன வாரம் ஆன்ட்டி படிச்சதுதான் சரி. நான் சொன்னதெல்லாம் நானா அடிச்சு விட்டது. எனக்குத் தமிழ் படிக்க வராது."

ஹால் அதிரச் சிரித்தார்கள். "அண்ணா, இன்னொரு ஜோக்," என்றாள் அந்தப் பெண்.

"ஜோக் இல்லம்மா."

அதற்கும் சிரித்தார்கள். நீர்யானையின் கீழே முதல் எழுத்தில் விரலை வைத்தேன். அங்கேயே வைத்துக்கொண்டு நின்றேன். சிரிப்பு ஒவ்வொருவராக அடங்கியது. கடைசியில் அவளும் நிறுத்தினாள்.