நாலடி பெஞ்சும் நாலு கோயிலும்

தச்சு வேலை பார்க்கிறவனுக்கு ஆள் வந்து நின்றால் முகம் அப்புறம்தான் கண்ணில் படும். முதலில் முதுகும் முழங்காலும்தான் படும். தர்மபுரி கடைத்தெருவில் வருஷக்கணக்காக மர வேலைக் கடை வைத்திருந்தேன். கட்டில், கதவு, நிலை எல்லாம் செய்தாலும் எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது வேதக்காரர்களின், அதாவது கிறிஸ்தவர்களின், கோயில் பெஞ்சுதான். நான் முஸ்லிம், என் கூட்டாளி ரத்தினம் ஆசாரி முருக பக்தர். எங்கள் பள்ளிவாசலிலும் பெஞ்சு கிடையாது, அவர் கோயிலிலும் கிடையாது. நாங்கள் ரெண்டு பேரும் போய் இதில் மாட்டினோம் பாருங்கள்! வாடிக்கையாளரிடம் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். நம்ம கஷ்டம் நமக்குத்தானே தெரியும், கேளுங்கள்.

உட்காருகிறவரா, மண்டி போடுகிறவரா?

யார் எந்தச் சபை என்பதை நான் புஸ்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஆர்.சி.காரருக்கு மண்டி போட வேண்டும், ஆகவே ஒவ்வொரு பெஞ்சுக்கும் பின்னால் கீழே ஒரு பலகை அடிக்க வேண்டும். பின்வரிசைக்காரரின் முழங்காலுக்கு அது. லுத்தரன்காரர் உட்கார்ந்து கேட்பார், எழுந்து பாடுவார். அவருக்குச் சாய்மானமும் பாட்டுப் புத்தகம் வைக்க ஒரு தட்டும் போதும். பெந்தெகொஸ்தேக்காரர் தரையில் கோரைப்பாய் விரித்து உட்கார்ந்து கைதட்டிப் பாடிவிட்டுப் போய்விடுவார். அவரால் எங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. மிச்ச வித்தியாசத்தையெல்லாம் ஆளாளுக்குச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள், என் மண்டையில் ஏறவில்லை.

ஒரு தடவை லுத்தரன் போதகர் பத்து பெஞ்சு கேட்டார். சுகமாக இருக்கட்டுமே என்று சாய்மானத்தைக் கொஞ்சம் சரித்து மாதிரிக்கு ஒன்று செய்து காட்டினேன். உட்கார்ந்து சாய்ந்தார். கண் தானாக மூடியது. திடுக்கென்று எழுந்துவிட்டார். "நல்லா நிமித்தி வெச்சிருங்க பாய். எம் பிரசங்கம் எப்படின்னு எனக்கே தெரியுமுங்க," என்றார்.

மாமியார் போகாத கோயில்

தெற்கேயிருந்து மாற்றலாகி வந்த வாத்தியார் ஒருவர் சம்சாரத்தோடு கட்டில் வாங்க வந்தார். கோயில் பெஞ்சுகள் வரிசையாக நிற்பதைப் பார்த்துவிட்டு, இந்த ஊரில் எந்தக் கோயிலுக்குப் போனால் நல்லது என்று என்னிடமே கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். முழங்கால் வலி இருந்தால் லுத்தரன், முதுகு வலி இருந்தால் ஆர்.சி., ரெண்டும் இல்லாத இளவட்டம் என்றால் பெந்தெகொஸ்தே. வாத்தியார் ஞானஸ்நானம், நற்கருணை என்று பெரிய பெரிய சங்கதியெல்லாம் எடுத்துவிட்டார். நானும் தெரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

 வாத்தியார் கட்டிலின் காலைக் குனிந்து பார்த்த நேரத்தில் அவர் சம்சாரம் என் பக்கம் வந்து, "எங்க அத்தை ஆர்.சி.ங்க. அவங்க வராத கோயிலாப் பாத்து ஒண்ணு சொல்லிருங்க பாய்," என்றார்.

பூவரசு பெஞ்சு

இதெல்லாம் சில்லறைக் கஷ்டம். எங்களைப் பத்து வருஷம் ஆட்டி வைத்தவர் ஞானமுத்து கம்பவுண்டர். ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுக்கிறவர், ஒல்லி, கறாரான ஆள். தர்மபுரி இன்னும் சேலம் ஜில்லாவில் இருந்த காலம். சம்சாரம் சலோமி இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை, ஒரு வண்டி மரத்தோடு வந்து நின்றார். வூட்டு வாசலில் அந்த அம்மா வைத்து வளர்த்த பூவரசாம், காற்றில் சாய்ந்துவிட்டதாம். அந்த மரத்தில் ஒரு பெஞ்சு செய்து, முதுகில் 'சலோமி நினைவாக' என்று செதுக்கி, லுத்தரன் கோயிலுக்குக் கொடுக்க வேண்டும் என்றார்.

கோயில் பெஞ்சு என்றால் எட்டடி. இவர் நாலடி போதும், ரெண்டு பேர் உட்கார்ந்தால் சரி என்றார். கோயிலில் ஆம்பிளை ஒரு பக்கம், பொம்பிளை ஒரு பக்கம் உட்காருகிறார்கள், இவர் தனி ஆள், யார் அந்த ரெண்டு பேர்? எனக்கு வாய் சும்மா இருக்காது, கேட்டுவிட்டேன். "அளவு சொன்னா அளவுக்குச் செய்யுங்க பாய். ஞாயித்துக்கெழமை போய் உக்கார எனக்குன்னு ஒரு எடம் வேணும், அவ்வளவுதான்," என்றார்.

தனி ஜில்லா

ரெண்டு வருஷம் போனது. ஒரு காலையில் மாட்டுவண்டியில் அதே பெஞ்சு திரும்பி வந்து இறங்கியது. கூடவே கம்பவுண்டர். லுத்தரன் கோயிலில் பயபக்தியே இல்லை, முழங்கால் போடத் தெரியாதவர்களோடு இனிமேல் சங்காத்தமே வேண்டாம், ஆர்.சி.யில் சேர்ந்துவிட்டேன், பெஞ்சுக்கு மண்டிப் பலகை அடித்துக் கொடு என்றார். லுத்தரன் கோயிலில் பெஞ்சை எடுத்துப் போக விட்டார்களா என்று கேட்டேன். இடம் மிச்சம் என்று அவர்களே வண்டியில் ஏற்றிவிட்டார்களாம்.

"அதுக்காகப் பொறந்த சபையை விட்டுட்டு வரலாமுங்களா?" என்றார் ரத்தினம் ஆசாரி. கம்பவுண்டருக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "தர்மபுரியே சேலத்தை விட்டுத் தனி ஜில்லா ஆயிருச்சு. நான் ஒருத்தன் சபை மாறினா என்னங்க குடி முழுகிருச்சு?"

யார் பலகை, யார் முழங்கால்?

பெஞ்சுக்குப் பின்னால் பலகை அடித்தேன். கம்பவுண்டர் கத்தினார். "எம் பெஞ்சுல பின்னாடி இருக்கறவன் மண்டி போடவா? எனக்கு முன்னால அடிங்க!" முன்னால் அடித்தால் கால் வைக்க இடமிருக்காது, வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். அவர் கேட்டால்தானே. பஞ்சாயத்து ஃபாதர் வரைக்கும் போனது.

ஃபாதர் வெள்ளை அங்கியோடு கடைக்கே வந்தார். பெஞ்சைச் சுற்றிப் பார்த்தார், சிரித்தார். பலகையைப் பின்னாலேயே விடச் சொல்லிவிட்டு, "நீ முன்னாடி இருக்கறவர் பெஞ்சுல மண்டி போடு, உன் பெஞ்சுல பின்னாடி இருக்கறவர் போடட்டும். கோயில்னா அதுதாம்ப்பா ஞானமுத்து," என்றார்.

கால் வெட்டு

அங்கே நாலு வருஷம் தாங்கினார். அப்புறம் மறுபடி மாட்டுவண்டி, மறுபடி பெஞ்சு. வேதத்தில் சுரூபம், சிலை எல்லாம் வைக்கச் சொல்லியிருக்கிறதா என்று என்னைக் கேட்டார். என்னைக் கேட்டால்? இப்போது பெந்தெகொஸ்தே. ஊருக்கு வெளியே கீற்றுக்கொட்டகையில் எல்லாரும் பாயில் உட்காருகிற இடத்தில் இவர் மட்டும் பெஞ்சில் ஒசரமாக உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும்? வேண்டுமானால் காலை வெட்டிக் கொண்டுவாருங்கள் பிரதர் என்று பாஸ்டர் சொல்லிவிட்டாராம்.

எனக்குக் கோபம் வந்தது. நான் இழைத்துக் கடைந்த கால், வெட்டு என்றால் மனசு கேட்குமா? வெட்டினேன். ஒரு சாண் ஒசரத்துக்கு வந்துவிட்டது. மண்டிப் பலகையையும் கழற்றினேன். வெட்டின நாலு துண்டையும் அடுப்புக்குப் போடாமல் பரணில் வைத்தேன், இந்த மனுஷனை எனக்குத் தெரியாதா? ரத்தினம் ஆசாரி குள்ளப் பெஞ்சைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "இன்னும் ஒரே ஒரு சபை மாறட்டும் பாய். பெஞ்சு பலகை ஆயிரும், நாம அதுல சப்பாத்தி தேச்சுக்கலாம்."

பாதிப் பாலிஷ்

மூன்றாம் தடவை பெஞ்சைத் தூக்கிக்கொண்டு கம்பவுண்டர் வந்தபோது கறாரும் இல்லை, சத்தமும் இல்லை. மாரண்டஹள்ளி மருந்தகத்துக்கு மாற்றலாகிவிட்டதாம். அங்கே நாலைந்து குடும்பம் ஒரு பள்ளிக்கூட ரூமில் கூடுகிறார்களாம். காலை ஒட்ட முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். இந்த இடமும் ஒத்து வரவில்லை என்றால் கோயிலுக்குப் போவதையே விட்டுவிடுவதாகச் சொன்னார்.

பெஞ்சை வெயிலில் போட்டுத் துடைத்தேன். அப்போதுதான் கவனித்தேன். வலது பாதி தேய்ந்து, பாலிஷ் போய், மரம் வெளுத்திருந்தது. இடது பாதியில் ஒன்றிரண்டு கீறலைத் தவிர நான் போட்ட பாலிஷ் அன்றைக்குப் போட்டது போலவே மின்னியது. பத்து வருஷமாக ஒரு பெஞ்சில் பாதி மட்டும் தேயுமா? "கம்பவுண்டரே, இந்தப் பக்கம் யாருமே உக்காரலீங்களா?" என்றேன்.

அவர் அந்தப் பாதியைக் கையால் தடவினார். பதினைந்து வருஷக் குடும்பத்தில் எங்கே போனாலும் சேர்ந்தே போவார்களாம், கோயிலில் மட்டும் அந்த அம்மா அந்தப் பக்கம், இவர் இந்தப் பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது பக்கத்தில் உட்கார்ந்து பாட வேண்டும் என்று அந்த அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாராம். "பெஞ்சு வந்துச்சு, அவதான் இல்ல. அது அவ எடமுங்க. லுத்தரன்ல ஒரு டீச்சர் வூட்டுக்காரரு வந்து உக்காந்தாரு. ஆர்.சி.ல ஒரு மிலிட்டரிக்காரரு. இங்க பிள்ளைங்க ஏறிக் குதிக்குதுங்க. செத்துப் போனவ எடம், எந்திரிங்கன்னு எப்படிங்க சொல்றது? வெக்கமா இருந்துச்சு. வேதத்துக்காகச் சண்டை போட்டு வெளிய வந்தாத்தான் யாரும் சிரிக்க மாட்டாங்க பாய்."

மாரண்டஹள்ளி

 பத்து வருஷம் இந்த மனுஷனைக் கேலி பண்ணினோமே என்று மனசு அடித்துக்கொண்டது. ரத்தினம் ஆசாரி இழைப்புளியை எடுத்து, இழைத்து முடித்த பலகையையே மறுபடி இழைத்துக்கொண்டிருந்தார். பரணிலிருந்து நாலு துண்டையும் எடுத்து, மூட்டு போட்டு, காலை ஒட்டினேன். வலது பாதிக்கு மட்டும் புதுசாகப் பாலிஷ் போட்டேன். இந்தத் தடவையாவது மனுஷன் நிலைத்து உட்கார வேண்டுமே என்று நானும் துவா செய்தேன், வேறென்ன செய்ய?

நாலு மாசம் கழித்து மருந்து எடுக்க தர்மபுரிக்கு வந்தவர் கடைக்கு வந்தார். மாட்டுவண்டி இல்லை, பெஞ்சு இல்லை, கையில் ஒரு பை தக்காளி. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை கூட்டம் ஆரம்பித்த பிறகு சந்தையில் கூடை வைத்துக் காய் விற்கிற கன்னடக்கார அம்மா ஒருத்தி வந்தாளாம், மூட்டுவலியில் நிற்க முடியவில்லை. பெஞ்சில் பாதி காலி. ஆனாலும் உட்காராமல் நின்று, "இல்லி யாராத்ரு பர்த்தாரா?" என்று கேட்டாளாம். இங்கே யாராவது வருகிறார்களா என்று. "பத்து வருஷத்துல ஒருத்தர் கேக்கலீங்க பாய், அந்தம்மாதான் கேட்டுச்சு. இல்ல, இனிமே வரமாட்டா, நீ உக்காரும்மான்னு சொன்னேன். அவ வரமாட்டான்னு நான் வாய் விட்டுச் சொன்னது அன்னிக்குத்தான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான். பேச்சை மாற்ற வேண்டுமே என்று, அந்த மாரண்டஹள்ளி எந்தச் சபை, மண்டியா, சாய்மானமா, பாயா என்று கேட்டேன். கம்பவுண்டர் நெற்றியைத் தட்டிக்கொண்டார். "அதைக் கேக்கவே மறந்துட்டேனுங்க பாய்!"

எந்தக் கோயில் சரி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, ஆனால் ரெண்டு பேருக்கு நாலடி பெஞ்சு போதும் என்று யார் வந்து கேட்டாலும் பேசாமல் தலையாட்டிவிட்டு ஆறடியாகச் செய்து கொடுத்துவிடுகிறேன்.