தோற்றம் என்ற கட்டத்தில் நான் எழுதிய ஊர்

சென்ற மாதம் எங்கள் ஊர் காஜா பெராங் மண்டபத்தில், மத ஒற்றுமைக் கூட்டம் நடத்துகிறவர்கள் என் கையில் ஒரு தாளைத் திணித்தார்கள். இடப்பக்கம் கிறிஸ்துவம், வலப்பக்கம் இஸ்லாம். தோற்றம், நம்பிக்கை, வேதம், வழிபாடு என்று கட்டம் கட்டி ஒப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவர், படித்தவர், சரிபார்த்துத் தாருங்கள் என்றார்கள். மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். மரியாதை தெரியாத கிழவன் என்று பேசிக்கொண்டார்களாம். பேசட்டும். அந்தக் கட்டங்களை நான் ஒருமுறை நிரப்பியிருக்கிறேன்.

மலாய் நாட்டைச் சப்பான்காரன் பிடித்து ஆண்ட காலத்தில் நான் நகர அலுவலகத்தில் கிராணி, அதாவது எழுத்தர். வயது இருபத்திரண்டு. விதிமுறை தெரிந்த திமிர் மட்டும் அறுபது வயதுக்காரனுக்குரியது. குடியிருப்போர் பதிவேட்டில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தார்கள்: மதம், அதன் தோற்ற நாடு. வெள்ளைக்காரன் காலத்துச் சங்கப் பதிவேட்டில் 'தோற்றம்' என்றால் தலைமையகம் இருக்கும் ஊரை எழுதுவது வழக்கம். அந்த வழக்கப்படி கத்தோலிக்கர் அனைவருக்கும் 'ரோம், இத்தாலி' என்று எழுதினேன். முஸ்லிம்களுக்கு 'மக்கா, அரபு நாடு'. இந்துக்களுக்குத் தலைமையகம் இல்லாததால் 'இந்தியா' என்று போட்டுத் தள்ளினேன். நானும் இந்துதான். யாரிடமும் எதையும் கேட்கவில்லை. கிராணி கேட்கமாட்டான், அவனுக்குத் தெரியும்.

அப்போது இத்தாலி சப்பானுக்குக் கூட்டாளி. ரோம் யார் கண்ணையும் உறுத்தவில்லை. பிறகு இத்தாலி சரணடைந்து எதிரியானது. போனவர்கள் கொத்துக் கொத்தாகச் செத்த சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கும் பட்டியல் தயாரானபோது, எதிரி நாட்டு மதக்காரர்களை முதலில் சேர்க்கும்படி எவனோ ஒரு மேதாவி உத்தரவு போட்டான். பதிவேட்டைப் புரட்டினார்கள். என் கையெழுத்து அழகானது, தேடுவதற்குச் சிரமமே இல்லை.

எங்கள் வரிசையில் மூன்றாம் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர், புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுபவர். அவர் பெயரும் பட்டியலில் வந்தது. மூன்று நாளில் லாரி. அவர் மனைவி என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"கிராணி, எங்க ஊட்டுக்காரரு நாகப்பட்டினத்துல பொறந்தவரு. இத்தாலிய படத்துல கூட பாத்ததில்ல. ரோம்னு யாரு எழுதுனது?"

"நான்தான்க்கா."

"எதுக்கு?"

விதிமுறைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன்.

பதிவேட்டைத் திருத்த ஒரு வழி இருந்தது. அதுவும் விதிமுறைதான். ஆதார அறிக்கை ஒன்று வேண்டும். அதில் வேற்று மதத்தவர் ஒருவர் சான்றொப்பம் இடவேண்டும். முச்சந்தியில் மளிகைக் கடை வைத்திருந்த நானாவிடம் போனோம். தமிழ் முஸ்லிம், குர்ஆன் ஓதத் தெரிந்தவர். கடையில் விற்க ஒன்றும் இல்லாததால் அவருக்கு நேரம் நிறைய இருந்தது.

"ஏசுவா? எங்களுக்கு அவரு ஈசா நபி. ரோமுக்கும் அவருக்கும் என்னா சம்பந்தம்? பைத்துல் முகத்தஸ், அதான் வேதக்காரங்க சொல்ற எருசலேம், அது பக்கத்துல பொறந்தவரு. எங்க மக்காவுக்கு அதுதான் கிட்ட. ரெண்டு மார்க்கமும் இப்ராகிம் நபி வழியில வந்ததுதான் தம்பி. எங்களது அறநூறு வருசம் பிந்தி. எழுதிக்க."

எழுதினேன். ஒரே கடவுள், இரு தரப்புக்கும் பொது. கன்னி மரியாளின் மகன், பொது. 'தேவனுடைய குமாரன்' என்ற இடத்தில் நானா பேனாவைப் பிடித்துவிட்டார்.

"அந்த வரிக்குக் கீழ என் கையெழுத்து விழாது. நபின்னு போடு."

"நபின்னு மட்டும் போட்டா நாங்க எதுக்கு நானா வேதக்காரங்களா இருக்கோம்?" என்றார் அக்கா. "சிலுவையில செத்து மூணாம் நாள் உயிர்த்தவரு எங்க சாமி."

"சாகவே இல்லங்கிறோம் தங்கச்சி. ஆண்டவன் தன்கிட்ட உயர்த்திக்கிட்டான்."

"லாரி நாளன்னைக்கு வருது. செத்தாரா இல்லையா, ரெண்டு பேரும் பேசி முடிங்க" என்றேன் நான்.

நானா சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. கருத்து வேறுபாடுகளை அவரவர் பெயரில் தனித்தனியாக எழுதினேன். 'அவர் இப்போது வானுலகில் இருக்கிறார், மீண்டும் வருவார் என்பதில் இரு தரப்பும் உடன்படுகின்றன' என்று முடித்தேன். நானா தலையாட்டி, குமாரன் என்ற சொல்லுக்கு எட்டாத தூரத்தில், தாளின் ஓரத்தில் கையெழுத்திட்டார்.

மறுநாள் மலாய் மொழியில் படியெடுத்து, தலைப்பில் 'தோற்றம்: ஆசியா' என்று எழுதிச் சப்பான் அதிகாரியிடம் வைத்தேன். அவன் ஒரே ஒரு சொல்லில் விரலை வைத்தான்.

"ஆசியா?"

"ஆசியாதான், துவான்."

அவனுக்கு அந்தச் சொல் பிடிக்கும். 'ஆசியா ஆசியருக்கே' என்று சுவரெல்லாம் அதைத்தான் ஒட்டியிருந்தார்கள். டிரஸ்ஸர் பெயரை அடித்தான். மற்ற கத்தோலிக்கர்கள்? அவர்களுக்கு யாரும் மனுப் போடவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. பிறகு பட்டியலை என் பக்கம் தள்ளினான். நாற்பது பேர் வேண்டும், முப்பத்தொன்பதுதான் இருக்கிறது. நீக்கிய பெயருக்குப் பதில், எந்த மதமானாலும், பதிவேட்டில் அடுத்து வரும் பெயர். அந்த விதியும் எனக்குத் தெரியும்.

அடுத்த பெயர் புக்கிட் ரம்பாய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டுகிறவன். என் மதம், என் வயது. எழுதினேன். அவன் மனைவி என் வாசலுக்கு வரவில்லை. அவளுக்கு என் வீடு தெரியாது. அவன் நம்பிக்கை என்ன, அது எங்கே தோன்றியது என்று நான் யாருக்கும் அறிக்கை எழுதவில்லை. போர் முடிந்தபின் திரும்பி வந்தவர்களின் பட்டியலையும் நான்தான் படியெடுத்தேன். மூன்று முறை சரிபார்த்தேன். அவன் அதில் இல்லை.

டிரஸ்ஸர் பேரன் பேத்தி எடுத்தார். கிறிஸ்மஸுக்கு அவர் வீட்டுக் கேக்கும், பெருநாளுக்கு நானா வீட்டு ஆட்டுக்கறியும் எனக்குத் தவறாமல் வந்தன. மத ஒற்றுமைக்கு எங்கள் தெருவைப் பார் என்று மண்டபத்தில் இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்கிறார்கள், நாற்பதாவது ஆளை விட்டுவிட்டு. அவர்களுக்கு அவனைத் தெரியாது. தெரிந்த ஒருவன் முன்வரிசையில் உட்கார்ந்து, கறியும் கேக்கும் தின்ற வாயைத் திறக்காமல் இத்தனை வருடம் கைதட்டினான்.

அந்த நாற்பதாவது ஆளின் பெயருக்கு எதிரே தோற்றம் என்ற கட்டத்தில் 'இந்தியா' என்றே இருக்கிறது. அதைத் திருத்தச் சொல்லி யாரும் மனுப் போடவில்லை.