அப்பாவுக்குப் போட்ட வெள்ளைத் துணி

இதய ஆபரேஷன் முடிந்து அப்பா வீடு திரும்பிய சில மாதங்களில் அவருடைய பிறந்தநாள் வந்தது. மோமோதான் வேண்டும் என்று என் மகள் அடம்பிடித்ததால், அரூரில் புதிதாகத் திறந்திருந்த நேபாளி ஓட்டலுக்குக் குடும்பத்தோடு போனோம். மாடிப்படி ஏறுவதற்குள் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது.

பிறந்தநாள் என்று கேள்விப்பட்ட ஓட்டல்காரர், கரையில்லாத புது வெள்ளைத் துணி ஒன்றைக் கொண்டுவந்து அப்பாவின் கழுத்தில் போட்டுக் கும்பிட்டார். அவர்கள் ஊரில் அது மரியாதை. எங்கள் பக்கத்தில் அப்படியொரு துணியைச் செத்தவர்மேல்தான் சொந்தக்காரர்கள் போடுவார்கள், கோடி என்போம்.

ஓட்டல்காரர் சிரித்த முகமாக நின்றார். அந்த மனிதர்மேல் எனக்கு வந்த எரிச்சலில் நியாயமே இல்லை, ஆனாலும் வந்தது.

"மொதல்ல அத எடுங்க," என்றாள் அம்மா.

அப்பா எடுக்கவில்லை. எழுந்து, கை கழுவும் இடத்துக்குப் போய், அங்கிருந்த கண்ணாடியில் தன்னையே வெகுநேரம் பார்த்தார். மோமோ தட்டில் ஆறிக்கொண்டிருந்தது.

"இருக்கட்டும் வுடு," என்றார் திரும்பாமலே. "நீங்கெல்லாம் போடறப்ப என்னால பாக்க முடியாதில்ல."