சொந்தத் தெருவில் பிரச்சாரம்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் தங்கம்மாளின் முகம் தெரியாதவர்கள் உண்டு; குரல் தெரியாதவர்கள் கிடையாது. நடவு வயலில் கூலி உயர்வு கேட்டு அவள் போட்ட சத்தத்தைக் கேட்டுத்தான் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்கள் அவள் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். அதன் பிறகு மறியல், மாநாடு, தேர்தல் என்று எதுவானாலும் ஆட்டோவில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு அவள்தான் கிளம்புவாள். புருஷனுக்குக் கருமாதி முடிந்த கையோடு மே தின ஊர்வலத்துக்குப் போனவள். எழுதி வைத்துப் பேசுகிற வழக்கமில்லை. ஊருக்குள் நுழைந்தால் வாய் தானாகப் பேசும். முதலில் தன் ஊர்ப் பண்ணை வீட்டை ஒரு பிடி பிடிப்பாள், மற்றதெல்லாம் பிறகுதான்.

இந்தத் தேர்தலில் தொகுதி கூட்டணிக் கட்சிக்குப் போய்விட்டது. வேட்பாளர், அதே பண்ணை வீட்டின் பேரன்.

ஒன்றியச் செயலாளர் பகலவன் வீடு தேடி வந்து சொன்னான். "உங்களுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். வேணாம்னா சொல்லுங்க, நம்ம மாதர் சங்கத்துப் பொண்ணு செம்மொழிய பேசச் சொல்றேன்."

"கட்சி முடிவு பண்ணியாச்சுல்ல? அப்புறம் எனக்குன்னு தனியா என்ன கஷ்டம்? நான்தான் பேசுவேன்."

வீம்புக்குச் சொல்லவில்லை. கட்சி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பியே பழகியவள். மைக் இன்னொருத்தி கைக்குப் போவதை நினைத்தாலே வயிறு எரிந்தது என்பதும் உண்மை. களை பறித்தபடியே பேரனின் பெயரையும் சின்னத்தையும் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மற்ற ஊர்களில் எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியாக அவள் ஊருக்கு வந்த ஆட்டோ முதலில் அவள் சொந்தத் தெருவுக்குள் நுழைந்தது. பின்னால் திறந்த ஜீப்பில் வேட்பாளர் கும்பிட்டபடி வந்தார். ஆரத்தித் தட்டோடு பெண்கள் நின்றார்கள். தங்கம்மாள் மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"நம்ம அப்பன் பாட்டன சாட்டையால அடிச்ச பண்ணை வீட்டுக்காரனுங்க ஓட்டுக் கேட்டு வர்றானுங்க. வாசப்படி ஏற விடாதீங்க."

ஸ்பீக்கரில் கேட்ட பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. யாரோ கைதட்டினார்கள். வேட்பாளர் கும்பிட்ட கையை இறக்கவில்லை. பகலவன் ஓடிவந்து மைக்கைப் பிடுங்கினான். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அவள் ஆட்டோவை விட்டு இறங்கினாள். மிச்சத் தெருக்களில் அவளுக்குப் பதிலாகச் செம்மொழிதான் பேசினாள்.

வேட்பாளர் ஜெயித்துவிட்டார், அந்தத் தெருவின் வாக்குச்சாவடியில் மட்டும் ஓட்டு விழாமல் அடி வாங்கினார். தங்கம்மாள் கட்சி அலுவலகத்துக்குப் போய்ப் பகலவன் முன்னால் நின்றாள்.

"வாய் தவறிப் போச்சு. ஆனா என் ஓட்ட அவருக்குத்தான் போட்டேன், கட்சி சொன்னபடி. நம்புறீங்கல்ல?"

பகலவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "சரிங்கக்கா, விடுங்க" என்றான்.

அதுவரை அவளைத் தோழர் என்றுதான் அவன் கூப்பிட்டு வந்தான்.