கடைசியாக வந்தவருக்கு முதல் பலகை

ரைலி கெந்தாலாவுக்கு ஐம்பத்தேழு வயது. அதில் இருபத்தொன்பது வருடம் தபால் வண்டி ஓட்டியே கழிந்தது. தினமும் வடகோடிச் சாலையில் நூற்று நாற்பது கிலோமீட்டர், சாலையோரக் கம்பங்களில் நிற்கும் நாற்பத்தாறு வீட்டுத் தபால் பெட்டிகள். யாருக்குக் கோர்ட்டிலிருந்து உறை வந்தது, யாருக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது, எந்த மகன் எழுதுவதை நிறுத்திவிட்டான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் ஒரு வீட்டுச் சேதியை இன்னொரு வீட்டு வாசலில் அவள் கொட்டியதே இல்லை. அந்த ஒன்றில் அவளுக்குக் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே, சம்பாதித்த கர்வம்தானே.

ஊரில் அவளுக்கு ஆகாதவர் ஒரே ஒருத்தர். ஈசாக்கி பாலோ, அறுபத்து மூன்று வயது, பனி வாரும் லாரி ஓட்டுபவர். சாலையில் குவிந்த பனியை அவர் வாரித் தள்ளுகிற வேகத்தில் குளிர்காலத்துக்கு நாலைந்து தபால் பெட்டிகளாவது கம்பத்தோடு சாய்ந்துவிடும். மறுநாள் ரைலி இடுப்பளவு பனியில் இறங்கிப் பெட்டியைத் தோண்டி எடுக்க வேண்டும். "ரோட்டைப் பாக்குறதா, உன் பெட்டியைப் பாக்குறதா?" என்பார் அவர். "கண்ணு ரெண்டு இருக்குல்ல?" என்பாள் இவள். பத்து வருடமாக இதே பேச்சு.

ரைலியை விட்டுக் கணவன் கிளம்பிப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. மாலையில் பேச ஆளில்லை. ஒரு வசந்தத்தில் விராலடிப்பான் என்ற மீன்பிடிக் கழுகின் கூடு ஒன்றை யாரோ கேமரா வைத்து இணையத்தில் நேரடியாகக் காட்டினார்கள். பெண் பறவை முட்டை மேல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபடியே ஆட்கள் திரையின் ஓரத்தில் எழுதிப் பேசிக்கொண்டார்கள். குஞ்சுகள் பறந்து, கூடு காலியான பிறகும் ஒன்பது பேர் பேச்சை விடவில்லை. ரைலியையும் சேர்த்தால் பத்து. அவர்களுக்குத்தான் அவள் நாலிவாராவைப் பற்றி எழுத ஆரம்பித்தாள்.

நாலிவாரா என்பது மரமில்லாத குன்று. அதன் அடியில் நாலு படுக்கைப் பலகைகள் கொண்ட ஒரு மரக்குடில். சாலையிலிருந்து சறுக்குக் கட்டை போட்டு இருபத்து மூன்று கிலோமீட்டர். வேறு வழி கிடையாது. ரைலிக்கு உலகத்திலேயே பிடித்த இடம் அதுதான். அங்கே ஓடைத் தண்ணீரில் போடும் காபியைப் பற்றி, அதில் மிதக்கவிடும் பாலாடைக்கட்டித் துண்டைப் பற்றி, ஏப்ரல் வெயிலில் கூரைப் பனி சொட்டுவதைப் பற்றி எழுதினாள். மூன்று வருடத்தில் ஆயிரத்து நூறு பதிவுகள். தெற்கே லாகத்தி நகரத்தில் பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் மெர்யா ஒவ்வொன்றுக்கும் முதல் ஆளாகப் பதில் போடுவாள். "உன்னாலதான் எனக்கு மூச்சு வருது ரைலி" என்று ஒருமுறை எழுதினாள். அன்று முழுக்க ரைலி வண்டியில் விசிலடித்துக்கொண்டே போனாள்.

ஈசாக்கியைப் பற்றியும் எழுதினாள். பேர் போடவில்லை. 'பெட்டி முழுங்கி' என்று வைத்துக்கொண்டாள். அவருடைய சிவப்புக் குல்லா, கதவு திறப்பதற்கு முன்பே உள்ளே வந்துவிடும் மூக்கு எல்லாவற்றையும் எழுதினாள். அந்தப் பத்துப் பேர் கூட்டத்தில் ஒரே சிரிப்பு.

போன நவம்பரில் ஈசாக்கியின் பெட்டிக்கு ஸ்வீடன் தபால்தலை ஒட்டிய கடிதம் ஒன்று வந்தது. அவர் மனைவி அந்த வாரம்தான் அவரை விட்டு எல்லை தாண்டிப் போயிருந்தாள். ஈசாக்கி பெட்டியருகிலேயே நின்று உறையைக் கிழித்தார். படித்தார். பிறகு அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டார். ரைலி வண்டிக் கண்ணாடியில் பார்த்தாள், நிறுத்தாமல் போனாள். சாயங்காலம் அதையும் எழுதினாள். அவள் எழுதியதிலேயே அதுதான் நன்றாக வந்தது என்றார்கள் ஒன்பது பேரும்.

நாலிவாராவுக்கு ஒரு வழக்கம் உண்டு. அந்த வட்டாரத்தின் பூட்டில்லாத குடில்கள் எல்லாவற்றுக்கும் அதே வழக்கம்தான். கடைசியாக வருபவருக்கே முதல் பலகை. முன்னால் வந்தவர் ஓய்வெடுத்திருப்பார், காய்ந்திருப்பார்; எழுந்து இடம் விட வேண்டியது அவர்தான். வருகிறவன் சொந்தத் தம்பியோ பரம விரோதியோ, கேள்வியே கிடையாது. ஆயிரத்து நூறு பதிவுகளில் ரைலி இதை மட்டும் எழுதவில்லை. மூச்சு விடுவதைப் பற்றி யாராவது எழுதுவார்களா?

ஏப்ரலில் அந்தக் கூட்டத்திலிருந்து மூன்று பேர் ரைலியைப் பார்க்க வந்தார்கள். மெர்யா, அவளைப் போலவே வாய் ஓயாத யார்க்கோ, பிறகு கயானியிலிருந்து ஒய்வா என்ற கிழவர். ஒய்வா கூட்டத்தில் எழுதினால் இரண்டு வார்த்தைக்கு மேல் போகாது, நேரிலும் அப்படித்தான். ரைலி ஒரு வாரம் லீவு போட்டு, கலைமான் உப்புக்கறியும் கறுப்பு ரொட்டியும் வண்டியில் ஏற்றிக் காத்திருந்தாள். மெர்யா கட்டிப்பிடித்தபோது இந்த அழுத்தக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது.

நாலிவாராவில் இரண்டு நாள் சொர்க்கம். யார்க்கோ மட்டும் அடிக்கடி குன்று ஏறிப் போனான். செல்போன் எடுப்பது அங்கேதான். 'நம்ம குடில்' என்று தலைப்பிட்டுப் படம் போட்டான். ரைலிக்கு அந்த 'நம்ம' கொஞ்சம் உறுத்தியது. சந்தோஷத்தில் விட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் மாலை நாலு மணிக்குக் காற்று எழுந்தது. ரைலி வாளியோடு ஓடைக்குப் போனாள். பனிக்கட்டியைக் கடப்பாரையால் உடைத்துத் தண்ணீர் மொண்டு வர அரைமணி நேரம் பிடித்தது. திரும்பி வந்தபோது வாசலில் புதுத் தடம். வந்த தடமும் இருந்தது, போன தடமும் இருந்தது.

"யாரு வந்தது?" என்றாள் கதவைத் திறந்தபடி.

மெர்யாவின் முகம் பூரித்திருந்தது. "உன் பெட்டி முழுங்கி! நேர்லயே வந்துட்டாரு ரைலி! ஏரியில மீன் பிடிச்சிட்டு வர்றாராம். அந்தக் குல்லா, அந்த மூக்கு, அச்சு அசல் நீ எழுதின மாதிரியே!"

"எங்க அவன்?"

"அனுப்பிட்டோம்" என்றான் யார்க்கோ, பலகையில் காலை நீட்டியபடி. "நாலு பலகை, நாலு பேரு. உனக்கும் அந்தாளைக் கண்டாலே ஆகாது. உனக்காகத்தான் சொன்னோம்."

"என்ன சொன்னீங்க?"

"மரியாதையாத்தான்பா" என்றாள் மெர்யா. "மன்னிச்சுக்கங்க, இடமில்லைன்னேன். உங்க மூக்கை, நீங்க பெட்டி இடிக்கிறதை எல்லாம் ரைலி எழுதியிருக்கான்னேன். பாவமா வேற இருந்துச்சு. உங்க மனைவி கடிதத்தைப் பத்திப் படிச்சு நான் அழுதுட்டேன்னுகூடச் சொன்னேன்."

வாளி கீழே விழுந்தது. தண்ணீர் யார்க்கோவின் காலுறை வரை ஓடியது.

"நான் வேணாம்னேன்" என்றார் மூலையிலிருந்து ஒய்வா. "சத்தமாச் சொல்லல."

"இந்தக் கதவைப் பாருங்க!" என்று ரைலி கத்தினாள். அவள் கத்தி அந்தச் சுவர்கள் கேட்டதில்லை. "பூட்டு இருக்கா? தாழ்ப்பாளாவது இருக்கா? எதுக்கு இல்லை? எண்பது வருஷமா இந்த வாசல்லேருந்து ஒரு மனுஷனைத் திருப்பி அனுப்புனதில்லை. திருடன் வந்தாலும் எழுந்து பலகை கொடுப்போம். வந்து மூணு நாள் ஆகல, நீங்க இடமில்லைன்னு சொல்லுவீங்களா? காத்து வீசுறது காதுல விழல?"

"உன் குடில்னு நினைச்சோம்" என்றான் யார்க்கோ.

"என் குடிலும் இல்லை, உன் குடிலும் இல்லை! எழுந்திரு அந்தப் பலகையை விட்டு!"

மெர்யாவுக்கும் கோபம் வந்தது. "நீ எங்கயும் எழுதவே இல்லையே ரைலி. ஒண்ணு விடாமப் படிச்சோம். அந்தாளைப் பத்தி நீ எழுதினதும் எல்லாம் கேலிதான். அப்புறம் எங்களைத் திட்டுனா எப்படி?"

சுரீரென்றது. சறுக்குக் கட்டைகளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். "கதவுப் பக்கமே உக்காரு" என்று ஒய்வாவிடம் மட்டும் சொன்னாள். "இனி யார் வந்தாலும் உள்ள விடு." ஒய்வா தலையாட்டிவிட்டு நாற்காலியைக் கதவருகே இழுத்துப் போட்டார்.

இருட்ட இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அடுத்த குடில் ராவுத்து ஏரிக்கரையில், பதினொரு கிலோமீட்டர்; தடம் அந்தப் பக்கம்தான் போயிருந்தது. காற்று எதிர்முகமாக அறைந்தது. மெர்யா மேல் கோபம், யார்க்கோ மேல் கோபம், அந்த மூக்கை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து உரிமை கேட்காமல் போன ஈசாக்கி மேலும் கோபம். அடியில் இன்னொன்று இருந்தது; அதை நினைக்கப் பிடிக்காமல் வேகமாகப் போனாள். உறைந்த ஏரியின் நடுவில் சிவப்புக் குல்லா தெரிந்தது.

"யோவ் ஈசாக்கி! நில்லுய்யா!"

அவர் நிற்கவில்லை. பக்கத்தில் போய்ச் சேர்ந்ததும் மூச்சிரைக்கச் சொன்னாள்: "திரும்பி வா. பலகை உனக்கு."

"என் கடுதாசிக்கு அழுத பொம்பளை பக்கத்துல எனக்குத் தூக்கம் வராது." நேராகப் பார்த்தபடியே போனார். "எத்தனை பேரு படிச்சாங்க?"

"ஒன்பது பேரு."

"ஊருக்குள்ளயே அவ்வளவு பேருக்குத் தெரியாதே."

"பேர் போடல நான்."

"பேர் எதுக்கு? மூக்கு போதுமே." அப்போதுதான் நின்றார். "பெட்டியை இடிச்சேன்னு எழுதினியாமே. அது நிசம், இடிச்சேன். ரேடியோவுல வேணும்னாலும் சொல்லிக்க. அந்தக் கடுதாசி என் பெட்டிக்கு வந்தது ரைலி. கொண்டாந்தவ நீ. நீயா இருக்கவேதான் பிரிச்சேன், மறைக்கத் தோணல. வேற யாராவது வண்டியில இருந்தா வீட்டுக்குள்ள போயிருப்பேன்."

இருபத்தொன்பது வருடத்தில் யாரும் அவளை இப்படி அடித்ததில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள்.

"ராவுத்துல ஒரே பலகைதான்" என்றாள்.

"தெரியும்."

"நான் முன்னால போறேன்."

அவர் புரிந்துகொண்டாரா என்று தெரியவில்லை. "போறதுன்னா போ" என்றார்.

போனாள். வாழ்க்கையிலேயே அவ்வளவு வேகமாகச் சறுக்கியதில்லை. அவருக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். முன்னால் வந்தவளாக இருந்தால்தான் எழுந்து இடம் விட முடியும். குடிலுக்குள் நுழைந்து, சுள்ளி வைத்து அடுப்பு மூட்டி, பனியை உருக்கிக் காபி ஏற்றினாள். பலகையில் கலைமான் தோலை விரித்து, ஒரு நிமிடம் அதில் உட்கார்ந்தாள். வெளியே கட்டைகள் கழற்றும் சத்தம் கேட்டதும் எழுந்து தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

ஈசாக்கி உள்ளே வந்தார். பலகையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பலகையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். சன்னலில் இன்னும் வெயில் இருந்தது.

சுவரில் ஆணியில் குடில் நோட்டு தொங்கியது. யார் வந்தார், எங்கிருந்து, எதற்கு என்று எல்லோரும் எழுதுவது. அந்த வட்டாரம் முழுக்க அதைப் படிக்கும். மீன் பிடிக்கப் போகிறவர், மான் மேய்க்கிறவர் என்று யாரும் அதைப் புரட்டாமல் காபி குடிப்பதில்லை. ஈசாக்கி நோட்டை எடுத்துப் பென்சிலை நாக்கில் நனைத்தார். அவர் நிசத்தை எழுதினால் போதும், ரைலி சம்பாதித்த அத்தனை வருட நல்ல பேரும் போய்விடும்.

அவர் எழுதவில்லை. நோட்டையும் பென்சிலையும் அவளிடம் நீட்டினார்.

"எழுத்தாளி நீதானே. நீயே எழுது."

ரைலி வாங்கிக்கொண்டாள். ஆயிரத்து நூறு தடவை விரல் நிற்காமல் ஓடியிருக்கிறது. இப்போது காபி பொங்கும் வரை ஒரு எழுத்து வரவில்லை. பிறகு எழுதினாள்:

'ஏப்ரல் 11. நாலிவாரா வாசலில் என் விருந்தாளிகள் ஒரு மனிதரைத் திருப்பி அனுப்பினார்கள். அவர்களுக்கு நான் வழக்கத்தைச் சொல்லித் தரவில்லை. அவருடைய கடிதத்தைப் பற்றித்தான் சொல்லியிருந்தேன்.'

நோட்டை அவரிடம் கொடுத்தாள். அவர் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கண்ணைச் சுருக்கிப் படித்தார். இரண்டு முறை படித்தார்.

"பேர் எங்க?"

ரைலி நோட்டைத் திரும்ப வாங்கி, ரைலி கெந்தாலா, தபால்காரி என்று பெரிய எழுத்தில் போட்டாள்.

"சரி" என்றார் ஈசாக்கி. "காபியை ஊத்து."