காணாமல் போன கைலி

எனக்குப் பிறவியிலேயே சந்தேகக் குணம். கடையில் முட்டை வாங்கினால்கூட ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்ப்பேன். அப்படிப்பட்டவள், நான் பெற்ற பிள்ளையைத் தூக்க வந்தவரை மட்டும் சும்மா விடுவேனா?

நவமணி அக்கா ஈப்போவில் பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போய்ப் பத்தியம் சமைத்து, குழந்தையைக் குளிப்பாட்டிக் கொடுப்பவர். வயது ஐம்பத்தெட்டு. காலை ஏழு மணிக்கு மோட்டார் சைக்கிளில் வந்தால் மாலைதான் போவார். பேச்சு குறைவு. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

என் மகனுக்குப் பன்னிரண்டு நாள். கையில் இருந்தால் தங்கம். கீழே வைத்தால் வீடு இரண்டாகும். நானும் என் கணவர் ரோய்ஸ்டனும் மாறி மாறிச் சுமந்தோம்.

"இன்னும் ரெண்டு நாள் இப்படியே போனா என்னை தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலதான் வந்து பாக்கணும்லா," என்று அழுதே விட்டேன்.

ஆனால் நவமணி அக்கா கிடத்தினால் மட்டும் பிள்ளை சமர்த்தாகத் தூங்கியது. அதுவும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் கிடத்துவார். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதற்கு?

ஏதாவது மருந்து கொடுக்கிறாரோ என்று பிள்ளையின் வாயை மோந்து பார்த்தேன். என் பால் வாசம்தான். அந்த வாரமே, நான் இரவில் கட்டிவிட்டுத் துவைக்கப் போட்டிருந்த பூப்போட்ட கைலி காணாமல் போனது. ஐயோ, கட்டிக் கழற்றிய துணி! நாங்கள் வேதக்காரர்கள், செய்வினை சூனியத்தையெல்லாம் நம்பக் கூடாது. நம்பவில்லைதான். ஆனாலும், என் துணியை வைத்து ஏதோ செய்துதான் பிள்ளையை மயக்குகிறார் என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் அவர் அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது அவருடைய பையைத் திறந்தேன். என் கைலி, துவைக்காமல், மடித்தபடி இருந்தது.

"என்னக்கா இது? என் புள்ளைக்கு என்ன செஞ்சு வச்சிருக்கீங்க?"

அவர் உரித்த பூண்டைக் கீழே வைத்தார். "சொன்னா நம்புவியாம்மா?"

"திருடுனவங்க பேச்ச நான் ஏன் நம்பணும்? கெளம்புங்க!"

கையைக் கழுவினார், ஹெல்மெட்டை எடுத்தார், போய்விட்டார். ஆத்திரத்தில் கைலியைத் தொட்டிலுக்குள் வீசினேன்.

மத்தியானம் பிள்ளை வீறிட்டு அழுதது. தோள் மாற்றி மாற்றித் தூக்கி அலுத்துப்போன ரோய்ஸ்டன், தொட்டிலில் கிடந்த கைலியைத் தட்டி விரித்து, அதன் மேலேயே பிள்ளையைக் கிடத்தினார். அழுகை நின்றது. மூக்கைத் துணியில் உரசிவிட்டுத் தூங்கிப்போனான்.

கைலியின் ஓரத்தை எடுத்து மோந்தேன். என் வேர்வை, என் பால். வேறொன்றும் இல்லை. அடிப் பாவி, என்ன காரியம் செய்தாய் என்று என்னையே திட்டிக்கொண்டு நவமணி அக்காவுக்குப் போன் போட்டேன்.

பிள்ளை கைலி மேல் தூங்கியதைச் சொன்னதும் அவர் பேசினார். "சுங்காய்ல நான் ரப்பர் தோட்டத்துல, புள்ளைங்களப் பாத்துக்கற ஆயாக்கொட்டாய்ல வேலை செஞ்சேன்மா. விடியறதுக்கு முன்ன ஆத்தாளுங்க புள்ளைங்கள எங்கிட்ட விட்டுட்டு ரப்பர் மரத்துல பால் வெட்டப் போயிருவாங்க. ஏணைத் தொட்டில்ல போட்டா அத்தனையும் கத்தும். ஆத்தா ராத்திரி கட்டுன கைலிய வாங்கி விரிச்சா அடங்கிரும். தோட்டத்த மூடினப்புறம் இந்த வேலைக்கு வந்தேன். போன வருஷம் பாகான் செராய்ல ஒரு வீட்டுல அதே மாதிரி கேட்டேன். சூனியக்காரின்னு வெளக்குமாத்தால அடிச்சு வெரட்டுனாங்க. அதுக்கப்புறம் யார்கிட்டயும் கேக்கறதில்ல, நானே எடுத்து விரிச்சிட்டு, தூங்குனதும் உருவிப் பையில வச்சுக்குவேன்."

"நாளைக்கு வாங்கக்கா," என்று மட்டும் கெஞ்சினேன்.

காலை ஏழு மணிக்கு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. ஓடிப்போய், இரவெல்லாம் கட்டியிருந்த கைலியை இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"உன் வீட்டுக்காரரக் கூப்பிடும்மா. அவர் முன்னாடி, நீயா குடுத்தேன்னு சொல்லு."

ரோய்ஸ்டனைக் கூப்பிட்டேன். சொன்னேன். அதற்குப் பிறகுதான் அக்கா கை நீட்டினார்.