காலிப் பெட்டி கேட்டுப் பிடித்த கேட்சர்

உங்களுக்கு வேண்டிய ஆளை மற்ற எல்லாரும் பார்த்து, யோசித்து, வேண்டாம் என்று விட்ட பிறகுதான் நீங்கள் கேட்கலாம் என்று ஒரு விதி இருந்தால் என்ன செய்வீர்கள்?

அழுவீர்களா? நேர்த்தி வைப்பீர்களா? நான் எதிரணிக் கேப்டனிடம் போய் காலிப் பெட்டி கேட்டேன்.

விளக்கமாகவே சொல்கிறேன். மொன்றியலில் நாங்கள் சில பேர் கோடையில் பேஸ்போல் விளையாடுகிறோம். சிரிக்காதீர்கள். ஒரு வருஷம் கிரிக்கெட்டுக்கு மைதானம் கிடைக்கவில்லை, பக்கத்தில் பேஸ்போல் மைதானம் சும்மா கிடந்தது. அப்படித் தொடங்கியது. இப்போது வில்லரே, லாசால் என்று ஊர்ப் பகுதிகளின் பெயரில் ஆறு தமிழ் அணிகள். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது, பெரிய திறமையும் கிடையாது. தோற்றால் வருகிற கோபம் மட்டும் சர்வதேசத் தரம்.

ஒவ்வொரு கோடைக்கும் முன்னால் ட்ராஃப்ட் நடக்கும். புதிதாகப் பெயர் கொடுத்தவர்களை ஆறு கேப்டன்களும் மேசையைச் சுற்றி இருந்து, முறை வைத்து, ஒவ்வொருவராக எடுப்பார்கள். முதல் சுற்றிலேயே நல்ல ஆட்கள் போய்விடுவார்கள். இரண்டாவதில் சுமாரானவர்கள். கடைசிச் சுற்றில்... சரி, நான் எந்தச் சுற்றில் வந்தேன் என்பது இங்கே தேவையில்லை.

இந்த வருஷம் எங்கள் வில்லரே அணிக்கு முதல் சுற்றே இல்லை. போன கோடையில் எங்கள் கேப்டன் ரகு அண்ணை அந்த வாய்ப்பை லாசால் அணிக்குக் கொடுத்து, பதிலுக்கு அவர்களுடைய பிட்சர், அதாவது பந்து எறிகிறவன், சுரேனை வாங்கியிருந்தார். சுரேன் எறிகிற பந்து கண்ணுக்கே தெரியாது. செம ஆள். சில மேட்ச் எறிந்தான். பிறகு குடும்பத்தோடு டொரொண்டோவுக்குக் குடிபோய்விட்டான்.

இதில் அதிர்ச்சி அடைய என்ன இருக்கிறது? மொன்றியல் தமிழன் என்றால் டொரொண்டோவுக்கு இன்னும் போகாதவன் என்றுதான் அர்த்தம். வேலை அங்கே, சொந்தக்காரர் அங்கே, பிரெஞ்சு படிக்காமல் வாழ்கிற வாழ்க்கை அங்கே. சுரேன் கதைக்குப் பிறகு கேப்டன்கள் எல்லாரும் உஷாராகிவிட்டார்கள். இப்போதெல்லாம் புதிதாக வருகிறவன் அடிப்பானா, பிடிப்பானா என்று கேட்பதற்கு முன்னால், டொரொண்டோ போகிற பிளான் இருக்கிறதா என்றுதான் விசாரிக்கிறார்கள்.

எங்களுக்கு அவசரமாகத் தேவைப்பட்டது ஒரு கேட்சர். அடிக்கிறவனுக்குப் பின்னால் முகமூடி போட்டுக் குந்தியிருந்து பந்தை வாங்குகிறவன். எங்கள் பழைய கேட்சருக்கு முழங்கால் போய்விட்டது. கேட்சர் இல்லாமல் பேஸ்போல் விளையாட முடியாது, ஒவ்வொரு பந்துக்கும் வேலி வரைக்கும் ஓட வேண்டும். ரகு அண்ணை தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆள் கிடைக்காவிட்டால் இந்த வருஷம் அணியைக் கலைத்துவிடுவோம், ஆளுக்கொரு பக்கம் போகலாம்.

இந்த நேரத்தில்தான் ஹரி வந்தான். திருச்சிக்காரன். டவுன்டவுனில் மாஸ்டர்ஸ் படிக்க வந்து, அங்கேயே வேலையும் எடுத்தவன். ஊரில் விக்கெட் கீப்பராம். புதியவர்களுக்கு வைத்த பயிற்சியில் முதல் பந்தையே அடித்துவிட்டு ஓடினான் — மட்டையோடு. பேஸ்போலில் மட்டையைப் போட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும். இவன் முதல் பேஸ் வரைக்கும் தூக்கிக்கொண்டு ஓடி, அங்கே மட்டையை நீட்டிக் கிரீஸில் வைப்பதுபோல் வைத்துவிட்டு, அம்பயரைப் பார்த்தான். மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது.

யோகன் அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. லாசால் அணிக் கேப்டன் அவர். அங்கே ஒரு டெப்பனர் வைத்திருக்கிறார் — பாலிலிருந்து லாட்டரி வரை விற்கிற மூலைக்கடை. ஹரி குந்தியிருந்து பந்து பிடித்தபோது அவர் கண் ஹரியின் கையை விட்டு நகரவில்லை. அவரிடம் முதல் சுற்றில் இரண்டு வாய்ப்பு. ஒன்று அவருடையது, மற்றது எங்களுடையது. கேட்சர் போய்விட்டான் என்று ரகு அண்ணை அந்த இடத்திலேயே கைவிரித்துவிட்டார்.

பயிற்சி முடிந்ததும் ஹரி என்னிடம் ஒரு உதவி கேட்டான். ஜூலை முதலாம் தேதி வீடு மாறுகிறானாம். அன்றைக்கு இந்த ஊரில் பாதிப்பேர் வீடு மாறுவார்கள், அதனால் அட்டைப்பெட்டிக்குப் பெரிய தட்டுப்பாடு. எங்கே மாறுகிறாய் என்று கேட்டேன். லாசாலிலிருந்து வில்லரேக்கு. சாந்தி அன்ரி என்று ஒருவருடைய கீழ்வீடு, மூன்றரை — இந்த ஊர்க் கணக்கில் ஒரு படுக்கையறை வீடு. வாடகை ஒப்பந்தம் இன்னும் எழுதவில்லை, கையெழுத்தைப் பேந்து, ஆறுதலாகப் பார்ப்போம் என்று அன்ரி சொல்லியிருக்கிறார்.

அதாவது எங்கள் பக்கமே வருகிறான். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஜீனியஸ் என்று நானே சொன்னால் நன்றாக இருக்காது.

அடுத்த நாள் யோகன் அண்ணையின் கடைக்குப் போனேன்.

"அண்ணை, காலிப் பெட்டி கிடக்கோ? ஹரிக்கு வேணும்."

அவர் பால் அடுக்குவதை நிறுத்தினார். "எந்த ஹரி? மட்டையோட ஓடினவனோ?"

"ஓம். வீட்டுச் சாமான் எல்லாம் கட்டுறான்."

அவ்வளவுதான் சொன்னேன். எங்கே போகிறான் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. 'பெட்டி', 'கட்டுறான்' இரண்டும் ஒன்றாக வந்தால் மொன்றியலில் ஒரே ஒரு ஊர்தான் ஞாபகம் வரும். யோகன் அண்ணை உள்ளே போய் நல்ல உறுதியான பெட்டிகளாகப் பார்த்து எடுத்து வந்தார். ஒட்டுகிற டேப்பும் தந்தார். நல்ல பெடியன், பாவம், எங்கே இருந்தாலும் நல்லாயிருக்கட்டும் என்றார். எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. கொஞ்சம்தான்.

ட்ராஃப்ட் அன்றைக்கு வில்லரேயில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பேஸ்மென்ட். ரோல்ஸ், தேத்தண்ணி, ஆறு கேப்டன்கள். யோகன் அண்ணை முதல் வாய்ப்பில் நன்றாக அடிக்கிற ஒருவனை எடுத்தார், எங்கள் வாய்ப்பில் ஒரு பிட்சரை. இன்னொரு கேப்டன் ஹரி பெயரைச் சொல்ல வாயைத் திறந்தார். யோகன் அண்ணை குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். வாய் மூடிக்கொண்டது. எதிரணிக் கேப்டனே எனக்காக ஓவர்டைம் செய்கிறார்... வேறென்ன வேண்டும்?

இரண்டாம் சுற்றில் எங்கள் முறை வந்தது. ரகு அண்ணை பெரிய மூச்சு ஒன்று விட்டு, வேறு வழியில்லாதவர் மாதிரி, சரி அந்த மட்டைப் பெடியனைத் தாங்கோ என்றார். பெட்டி விஷயத்தை அவரிடம் முன்பே சொல்லிவைத்திருந்தேன். நல்ல நடிகர். யோகன் அண்ணை அவர் தோளைத் தட்டினார். "ரகு, நீ திருந்தமாட்டாய்."

காரில் ஏறிக் கதவைச் சாத்தும் வரைக்கும் சிரிக்காமல் இருந்ததுதான் அன்றைக்கு நாங்கள் செய்த பெரிய விளையாட்டு.

சில நாள் கழித்து ஹரி ஃபோன் எடுத்தான்.

"மச்சி, நான் டொரொண்டோ போறேனாமே? எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்."

சாந்தி அன்ரி வீட்டை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார். கோபத்தில் இல்லை, நல்ல மனசோடு. போற பிள்ளையை ஏன் மறிக்கவேணும் என்று நினைத்தாராம். போகிற செய்தியை அவருக்குச் சொன்னது அவருடைய தம்பி. தம்பி யார் தெரியுமா? லாசாலில் டெப்பனர் வைத்திருக்கிறார்.

மொன்றியலில் எல்லாரும் யாருக்காவது அக்கா என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

ஜூலை முதலாம் தேதி ஹரியின் சாமானெல்லாம் ரகு அண்ணையின் கராஜுக்குள் போயிற்று. ஹரி டவுன்டவுனில் ஒரு நண்பனுடைய அறையில், தரையில் படுக்கிறான். அந்த நேரத்தில் காலி வீடு தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு மேட்சும் தவறவிடவில்லை. பந்து பிடித்தான் பாருங்கள்... அப்படி ஒரு கை. லாசாலை வென்றோம். மேட்ச் முடிந்ததும் யோகன் அண்ணை நேராக என்னிடம் வந்தார்.

"நீ பொய் சொல்லேல்லை. அதாலதான் எனக்கு இன்னும் கூடக் கோபம்."

நான் குனிந்து மட்டைகளைப் பொறுக்கத் தொடங்கினேன்.

அன்றைக்கு ஹரியைக் காரில் கொண்டுபோய் விடும்போது பெட்டிக் கதை முழுவதையும் சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன். சிரித்தான். என்னை ஒரு நாடகக் கம்பெனியில் சேரச் சொன்னான். மெட்ரோ ஸ்டேஷனைத் தாண்டி ஒரு சிவப்பு விளக்கில் நின்றோம். அப்போது சொன்னான்.

"ஒண்ணு சொல்லவா? நான் போறேன்னு கேள்விப்பட்டு எத்தனை பேர் கூப்பிட்டாங்க தெரியுமா? எல்லாரும் வாழ்த்து சொன்னாங்க. ஒரு அக்கா தோசைக்கல்லு குடுத்தாங்க. போகாதேன்னு ஒருத்தர் கூட சொல்லலை, மச்சி."

விளக்கு பச்சையானது. ஸ்கார்பரோவில் அவனுடைய பெரியப்பா மகன் இருக்கிறானாம். அறை காலியாக இருக்கிறது, வா என்று கூப்பிடுகிறானாம். போய்விடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னான். இந்த முறை நிஜமாக.

யோசித்துப் பார்த்தேன். அவன் சொன்னது சரிதானே? ஒருவன் போகிறான் என்றால் எங்களுக்கு எல்லாம் தெரியும். பெட்டி கொடுப்போம், சாமான் ஏற்றி வான் ஓட்டுவோம், வழிக்குச் சாப்பாடு கட்டுவோம். நில் என்று சொல்லத்தான் பழக்கமில்லை. நாளைக்கு நாங்களே போக வேண்டி வரலாம், எந்த முகத்தோடு இன்னொருவனை மறிப்பது?

நேற்று ரகு அண்ணையிடம் போய், நீங்கள்தான் கேப்டன், அவனைப் போகாதே என்று சொல்லுங்கள் என்றேன். அவர் மறுத்தார். அது பெடியனின் வாழ்க்கை, ஒரு விளையாட்டுக்காக எப்படிச் சொல்வது என்றார். கேட்சர் போனால் அணியும் போய்விடும் என்றேன். அதனால்தான் தன்னால் சொல்ல முடியாது என்றார். பிறகு, ஃபோனை எடுத்து ஹரியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

வெயிலைப் பற்றிக் கதைத்தார். பழைய கேட்சரின் முழங்காலைப் பற்றிக் கதைத்தார். கராஜில் இருக்கிற பெட்டிகள் தனக்கு இடைஞ்சல் இல்லை, எவ்வளவு காலமும் இருக்கட்டும் என்றார். தொண்டையைச் செருமினார்.

"தம்பி, சனிக்கிழமை மட்ச். வெள்ளனவே வா, என்ன?"



"சரிண்ணா. வரேன்."

வைத்துவிட்டான். ரகு அண்ணை ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய், வாறன் எண்டு சொன்னவனோ, போயிட்டு வாறன் எண்டு சொன்னவனோ?"

இன்றைக்கு வியாழன்.